வீட்டுத் தோட்டத்தில் பட்டர்நட் பறங்கி

பெங்களூரின் காய்கறி அங்காடிகளில் சில ஆண்டுகளாக ஒரு காயைக் காண்கிறோம். சந்தன நிறம், நீண்ட கழுத்து, பருத்த அடிப்பாகம். பார்ப்பதற்குக் கோயில் மணியைப் போலத் தோன்றும். அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்மஞ்சள் நிறச் சதை. விதைகளோ பருத்த அடிப்பாகத்தில் மட்டுமே இருக்கும். ‘பட்டர்நட்’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நம் தாய்மார்களுள் பலர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஏதோ சீமைக் காய், நம் சமையலுக்கு ஒத்துவராது” என்று வைத்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கவும், அக்காயை விதையிலிருந்தே நம் வீட்டில் வளர்க்கும் முறையைச் சொல்லவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டர்நட் வேறொரு காய் அன்று. நம் பறங்கிக்காயின் உடன்பிறப்பே ஆகும். தாவர நூலார் ‘குகர்பிட்டா மொஸ்காட்டா’ என்று வழங்கும் ஒரே இனத்தில் இரண்டும் அடங்கும். பறங்கியை வளர்க்கத் தெரிந்த கைக்குப் பட்டர்நட்டை வளர்க்கவும் தெரியும்.

பறங்கி வந்த வழி

தஞ்சைப் பக்கத்தில் பறங்கி என்றும், கொங்கு நாட்டில் அரசாணி என்றும், சென்னையில் மஞ்சள் பூசணி என்றும் நாம் அழைக்கும் காய், ஆதியில் நம் நாட்டுக்கு உரியதன்று. மெக்சிகோ, பெரு முதலிய அமெரிக்க நாடுகளின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டு வந்தனர். 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பின்னரே, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் போல அதுவும் உலகெங்கும் பரவியது. நம் கரைக்கு அது வந்து சேர்ந்த வழியை அதன் பெயரே சொல்கிறது. ஐரோப்பியரை அராபியரும் பாரசீகரும் ‘ஃபரங்கி’ என்றனர். அச்சொல்லே தமிழில் பறங்கி ஆயிற்று. போர்ச்சுகீசியர் தங்கிய மலை பறங்கிமலை. அவர்கள் வாணிகம் செய்த துறை பறங்கிப்பேட்டை. அவர்கள் காலத்தில் வந்த காய் பறங்கிக்காய்.

அயலான் என்று பொருள்படும் பெயருடன் வந்த அக்காய், இன்று பொங்கலன்று கூட்டாகவும் குழம்பாகவும் நம் இலையில் இடம்பெறுகிறது. அதன் பூ மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணப் பிள்ளையாருக்கு மகுடமாகிறது. வந்த இடத்தில் வேரூன்றுதல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இக்கொடியின்பால் தனிப் பரிவு தோன்றுவது இயல்பே.

பட்டர்நட் அவ்வினத்தில் பிந்திப் பிறந்தது. 1940-களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டோ என்னும் ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர் அதை உருவாக்கினார். பின்னர் அதே மாநிலத்து வால்தம் ஆராய்ச்சிப் பண்ணையில் அது மேலும் சீர்திருத்தப்பட்டது. ‘வால்தம் பட்டர்நட்’ என்னும் அவ்வகை 1970-இல் அமெரிக்க விதைத் துறையின் பரிசு பெற்றது. வீட்டுத் தோட்டத்துக்கு இன்றும் ஏற்றது அதுவே. காய் அளவில் சிறியதாகவே இருக்கும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஒருவேளைச் சமையலுக்குப் பொருந்தும். பாதிப் பறங்கியைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கும் தொல்லை இல்லை.

பெங்களூர் மண்ணும் தமிழர் கையும்

இந்நகரில் தோட்டம் இடுவது தமிழருக்குப் புதிய தொழில் அன்று. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று மரபு கூறும் திகளர் சமூகத்தார், இந்நகரின் தோட்டங்களைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்தவர்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராயர் கோயிலில் நிகழும் கரகத் திருவிழா அவர்களுடையதே.

நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் 1967-இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் நமக்குக் கைகொடுக்கிறது. அங்கு உருவான பயிர் வகைகள் அர்க்காவதி ஆற்றின் பெயரால் ‘அர்க்கா’ என்னும் அடைமொழி பெறுகின்றன. ‘அர்க்கா சந்தன்’ என்னும் பறங்கி அவற்றுள் ஒன்று. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள காய்களைத் தருவது. பட்டர்நட் விதை கிடைக்காதவர்கள் இதை வாங்கி, இங்கே கூறப்படும் முறையிலேயே வளர்க்கலாம்.

பட்டம் அறிந்து விதைத்தல்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் முன்னோர் வாக்கு. அது தமிழகத்துச் சமவெளிக்குப் பொருந்தும். பெங்களூரோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. இங்கே ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மழை மிகுதி. செப்டம்பரில் அது உச்சம் அடையும். ஆடியில் விதைத்த கொடி, காய் முற்ற வேண்டிய வேளையில் மழையில் நனைந்து, இலையில் நோயும் காயில் அழுகலும் கொள்ளும்.

ஆகவே இவ்வூருக்கு இரண்டு பட்டங்களைக் கொள்ளலாம். மே மாதக் கோடை மழை பெய்து மண் நனைந்தவுடன் விதைப்பது ஒன்று. அதற்குத் தண்ணீர்ச் செலவு குறைவு. செப்டம்பர்த் தொடக்கத்தில் காய் கைக்கு வரும். மார்கழித் தொடக்கத்தில், அதாவது டிசம்பர் நடுவில் விதைப்பது மற்றொன்று. பனி இரவுகளில் முளை தாமதப்படும். ஆகையால் சிறு குவளைகளில் மண் நிரப்பி, சமையலறையில் வெப்பமான மூலையில் வைத்து முளைக்கச் செய்ய வேண்டும். இரண்டு உண்மையான இலைகள் விட்டபின் வேர்மண் கலையாமல் எடுத்து நடலாம். வறண்ட வானிலையில் காய் நன்கு முற்றுவதால், விதை எடுக்க விரும்புவோருக்கு இப்பட்டமே சிறந்தது. கொடுங்கோடை பிறக்குமுன், ஏப்ரல் தொடக்கத்தில் அறுவடை முடிந்துவிடும்.

இடமும் மண்ணும்

நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் விழும் இடம் வேண்டும். தரையில் நிலம் உள்ளவர்கள், ஒன்றரை அடி ஆழ அகலமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரமும் இரண்டு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புக. மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள், ஐம்பது அறுபது லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்றில் ஒரே ஒரு கொடியை வைத்தல் வேண்டும். சிறு தொட்டியில் மூன்று விதைகளை ஊன்றிவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

வாடகை வீட்டில் வாழ்வோர் ஒன்றை மறக்கலாகாது. அறுபது லிட்டர்ப் பீப்பாயில் வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் அதன் எடை நூறு கிலோவை எட்டும். மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு எனக் கலந்தால் எடை பெரிதும் குறையும். பீப்பாயைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் ஓரத்தில் செங்கல்மேல் வைக்க வேண்டும். வீட்டுக்காரரின் இசைவை முன்னரே பெற்றுவிடுவது நல்லுறவுக்கு நலம்.

விதையை அரை அங்குல ஆழத்துக்குச் சற்று மிகுதியாக ஊன்றினால் போதும். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். இரண்டு விதை ஊன்றி, வலியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். கொடி ஏறுவதற்கு உறுதியான பந்தலோ கம்பி வலையோ வேண்டும். காய் தொங்கும் நிலை வந்தால், பழைய வேட்டித் துணியால் தூளி கட்டித் தாங்கலாம்.

தண்ணீர்ச் சிக்கனம்

2024 மார்ச்சில் இந்நகரம் கண்ட தண்ணீர்ப் பஞ்சத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம். தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்றும், மீறுவோர் 5,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் குடிநீர் வாரியம் அப்போது ஆணையிட்டது. இத்தகைய நகரில் தோட்டம் இடுவோர் குழாயை நம்பலாகாது. அரிசி களைந்த நீர், பருப்பும் காய்கறியும் கழுவிய நீர் ஆகியவற்றை ஒரு வாளியில் சேர்த்துவைத்தால் ஒரு கொடிக்கு அதுவே பெரும்பாலும் போதும். சோப்பு நீரும் உப்பு நீரும் ஆகா. வேரடியில் காய்ந்த இலைகளை நான்கு விரற்கடை உயரம் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். நடுப்பகலில் இலை வாடித் தொங்கினால் அஞ்ச வேண்டியதில்லை, மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் வாடியிருந்தால்தான் கொடி நீர் கேட்கிறது என்று பொருள்.

பூவின் இரகசியம்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. பறங்கிக் கொடி வளர்ப்போர் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றே. “கொடி வீடு முழுதும் படர்ந்தது, பூவும் பூத்தது, பிஞ்சு மட்டும் மஞ்சளித்து உதிர்ந்துவிட்டது.” உடனே உரக்குறை என்று எண்ணி மேலும் உரம் இடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். குறை வேரில் இல்லை, பூவில் இருக்கிறது.

இக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விதைத்து ஆறு ஏழு வாரங்களில் மெல்லிய நீண்ட காம்பில் முதலில் பூப்பவை ஆண் பூக்கள். அவை காய்க்கா, உதிரும், அது இயல்பு. சில நாள் கழித்து, இதழுக்குக் கீழே சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும் பெண் பூக்கள் தோன்றும். விடியலில் விரியும் பூ, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் நடுமுடியில் சேர்ந்தால் காய் உண்டு. சேராவிட்டால் பிஞ்சு உதிரும். கிராமத்தில் இவ்வேலையைத் தேனீக்கள் செய்தன. நான்காம் மாடிக்குத் தேனீ எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. ஆகையால் அதை நம் கையால் செய்ய வேண்டும்.

செய்முறை எளிது. காலை எட்டு மணிக்குள், புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, அதன் இதழ்களை நீக்குக. நடுவே மஞ்சள் தூள் படிந்த தண்டு இருக்கும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள முடிச்சின்மேல் மெல்லத் தடவுக. அவ்வளவே. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் முன் அவர்களையே இதைச் செய்யச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த மகரந்தச் சேர்க்கை கண்முன் விளங்கும். நம் பாட்டிமார் மார்கழியில் நாள்தோறும் பூசணிப் பூவைப் பறித்துக் கோலத்தில் வைத்தும் கொடி காய்த்த காரணமும் அவர்களுக்குப் புரியும்: கொடியில் ஆண் பூக்கள் ஏராளம், பிஞ்சில்லாத பூவைப் பறிப்பதால் கொடிக்கு இழப்பில்லை.

தொட்டிக் கொடியில் இரண்டு மூன்று காய் நிலைத்தபின் மற்றப் பெண் பூக்களைக் கிள்ளிவிடலாம். பல பிஞ்சுகள் மெலிவதைவிடச் சில காய்கள் முழுமையாக முற்றுவது நன்று.

விதை மாறாமல் காத்தல்

பூக்கும் அந்தக் காலை நேரத்திலேயே மற்றொன்றும் தீர்மானமாகிறது. பட்டர்நட்டும் நாட்டுப் பறங்கியும் ஓரினம் என்றோம். ஆகவே அண்டை வீட்டுப் பறங்கிப் பூவின் மகரந்தம் தேனீயின் காலில் ஒட்டி வந்து நம் பட்டர்நட்டில் சேரக்கூடும். இவ்வாண்டுக் காயில் மாறுதல் தெரியாது. சதை தாய்க்கொடிக்கே உரியது. ஆனால் உள்ளிருக்கும் விதை கலப்பு விதை. அடுத்த ஆண்டு அதை விதைத்தால் எத்தகைய காய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெண்பூசணி வேறினம், அது அருகில் இருந்தாலும் கலப்பு நேராது.

இதைத் தடுக்க, மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் மாலையே கண்டுபிடித்து, அவற்றின் நுனியை நூலால் தளரக் கட்டிவிடுக. காலையில் கட்டை அவிழ்த்து, முன்சொன்னபடி மகரந்தம் தடவி, பெண் பூவின் வாயை மீண்டும் கட்டிவிடுக. அக்காயின் காம்பில் வண்ண நூல் ஒன்றை அடையாளமாகச் சுற்றி வைத்தால், அதுவே உங்கள் விதைக் காய்.

கடையில் வாங்கிய காயின் விதையைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உண்பதற்காக ஒருமுறை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் அது வீரிய ஒட்டு விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. தொடர்ந்து விதை எடுக்க விரும்புவோர் வால்தம் போன்ற ஒட்டில்லா வகையை வாங்குவதே முறை.

பூச்சியும் நோயும்

இளங்கொடியைச் செம்பூசணி வண்டுகள் சல்லடையாக அரிக்கும். விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிவிடலாம். இலையில் சாம்பல் பூத்தாற்போல் வெண்படலம் தோன்றினால், ஒரு பங்கு பாலுடன் ஒன்பது பங்கு நீர் கலந்து வெயில் வேளையில் தெளிக்கலாம். மிகவும் பழுதுற்ற இலைகளை நீக்கிவிட வேண்டும்.

பெரும்பகை பழ ஈ. அது பிஞ்சில் துளையிட்டு முட்டை வைக்கும். உள்ளே புழு வைத்துக் காய் அழுகும். மகரந்தம் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் பிஞ்சை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுவதே சிறந்த காப்பு. அழுகி விழுந்த பிஞ்சை உரக்குழியில் போடலாகாது. போட்டால் அடுத்த தலைமுறை ஈக்களை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். நீரில் அமிழ்த்தியோ, இறுகக் கட்டிய உறையில் இட்டு வெயிலில் வைத்தோ அழித்துவிடுக.

அறுவடையும் ஓர் எச்சரிக்கையும்

பசுங்கோடுகள் மறைந்து காய் முழுதும் சந்தன நிறம் பெற வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கலாகாது. காம்பு உலரத் தொடங்க வேண்டும். மகரந்தம் சேர்ந்த நாளிலிருந்து இதற்கு ஏறத்தாழ ஐம்பது அறுபது நாள் ஆகும். இரண்டு அங்குலக் காம்புடன் அறுத்து, காற்றோட்டமான நிழலில் பத்து நாள் ஆற வைத்தால், பின்னர் இரண்டு மாதம் வரை கெடாமல் இருக்கும். பால்கூட்டு, சாம்பார், புளிக்குழம்பு, அல்வா என நாட்டுப் பறங்கி செல்லும் இடமெல்லாம் இதுவும் செல்லும். இனிப்புச் சற்று மிகுதி, நார் குறைவு. இதன் செம்மஞ்சள் நிறம் உடலில் ஏ வைட்டமினாக மாறும் பொருளால் வந்தது. தேங்காயோ எண்ணெய்த் தாளிதமோ சேர்ந்தால் உடல் அதை நன்கு ஏற்கும்.

ஓர் எச்சரிக்கையைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். சமைக்குமுன் பச்சைத் துண்டு ஒன்றை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உமிழ்ந்துவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். சுரை, பூசணி இனங்களில் எப்போதேனும் தோன்றும் அக்கசப்பு நஞ்சாகும். கொதிக்க வைத்தாலும் போகாது. கசக்கும் சுரைச்சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிர் இழந்தவர்களும் உண்டு. பாடுபட்டு வளர்த்தோமே என்று எண்ணிச் சமைக்க வேண்டாம். அத்தகைய காயின் விதையையும் எடுக்க வேண்டாம்.

அடையாள நூல் கட்டிய விதைக் காயை அறுத்தபின் மேலும் ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு விதைகளை எடுத்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துக. காற்றுப் புகாத டப்பாவில், நாளும் வகையும் எழுதிய சீட்டுடன் வைத்தால் நான்கு ஆண்டு வரை முளைக்கும் திறன் கெடாது. ஒரு காயில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும். நமக்கு வேண்டியதோ நான்கைந்துதான். மிகுதியை என் செய்வது? ஊருக்குப் போகும்போது ஒரு பிடியை அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் செல்லலாம். மற்றொரு பிடியை அண்டை வீட்டுக் கன்னட அம்மையாருக்குக் கொடுக்கலாம். அவர் பறங்கியைச் ‘சிஹி கும்பளகாயி’ என்பார். இனிய பூசணி என்பது அதன் பொருள். அவர் வீட்டு ஹுளியிலும் நம் வீட்டுக் கூட்டிலும் ஒரே கொடியின் காய் வேகட்டும். கொடுக்கும் விதை கலப்பில்லாத விதையாக இருந்தால்தான் கொடுத்தவர் சொல்லும் நிலைக்கும்.

கார்த்திகை முடிவதற்குள் விதையை வாங்கி வையுங்கள். மார்கழி முதல் வாரத்தில் இரண்டு குவளைகளில் ஊன்றுங்கள். மாசியில் பூக்கும்போது, காலை எட்டு மணிக்குமுன் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள்.